குளியல் தொட்டியில் ஓநாய்

ஏப்ரல் 6, சனி

மருந்துக்கடையில் இன்று பாதி நாள். வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் போஹுஷின் கார் நிற்கிறது, பின்கதவு திறந்திருக்கிறது. அவன் மண்டியிட்டு, தலையை உள்ளே விட்டு யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் அந்தக் குரலில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"யார் அது?"

"ஓநாய்," என்றான்.

எட்டிப் பார்த்தேன். ஒரு குட்டி. சாம்பல் நிறம், பெரிய காது, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால். இருக்கையில் மூத்திரம் பெய்துவிட்டு, யாரோ வேறு ஆள் செய்ததுபோல் என்னைப் பார்த்தது.

"முழு ஓநாய் இல்ல," என்று இறங்கி வந்தான். "ஓநாய்நாய். ஜெர்மன் ஷெப்பர்டும் ஓநாயும் கலந்த ஜாதி. ரத்தத்துல கால் பங்கு ஓநாய், ஜெல்மீரா! கால் பங்கு!"

"சரி. மீதி முக்கால் பங்குக்கு மட்டும் நான் சோறு போடறேன்."

பெயரும் வைத்தாகிவிட்டதாம். ஹ்ரோம். அதாவது இடி. ஊரே அதிர வேண்டுமாம்.

எதற்கு இந்த ஓநாய் என்று எனக்குத் தெரியும். வேட்டைக்காரர் சங்கத்துப் பரீட்சையில் இரண்டு முறை தோற்றவன் இவன். மான் படத்தைக் காட்டியதற்கு ஆடு என்று சொன்னான் என்று ஊரில் சிரிக்கிறார்கள். பாவம், அப்படிச் சொல்லவில்லை. வேறு ஜாதி மானைச் சொன்னான். ஆனால் மதுக்கடையில் யார் அவ்வளவு நுணுக்கம் பார்க்கிறார்கள்? துப்பாக்கி கிடைக்கவில்லை, ஓநாயை வாங்கிவிட்டான். எங்கள் லிப்டோ மலைப்பக்கத்தில் ஓநாய்க்குப் பஞ்சமா? காட்டில் திரிவது போதாதா?

ஏப்ரல் 7

படுக்கையறைக் கம்பளம் போயிற்று.

ஏப்ரல் 15

குட்டியை விற்ற ஒட்டிலியா அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். முப்பது வருடமாக இந்த ஜாதியை வளர்ப்பவளாம். சிகரெட் குடித்துப் புண்ணான குரல்.

"குட்டி தனியா இருக்கா, கூட யாராவது இருக்காங்களா?"

"நான் வேலைக்குப் போயிட்டு இப்பத்தான் வந்தேன்."

"நீங்க நாள் முழுக்க வீட்டுலதான் இருப்பீங்க, ஓநாய்நாய்னா உயிருன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே?"

ஓஹோ.

பிறகு அவள் அடுக்கினாள். இது காவலுக்கு ஆகாது. புது ஆளைக் கண்டால் ஒளியும். தனியாக விட்டால் வீட்டைப் பிரித்துவிடும். சொன்னது புரியும், ஆனால் செய்வதா வேண்டாமா என்று யோசிக்கும். ஒரே ஒரு ஆளைத்தான் பிடித்துக்கொள்ளும், அது யார் என்று அதுதான் முடிவு செய்யும். "வீட்டுக்காரர் மிடுக்குக்காக வாங்கியிருந்தா இப்பவே கொண்டுவந்து விட்டுடுங்கம்மா. ரெண்டு வயசுல திருப்பிக் கொடுத்தா அது செத்துப் போகும். பாதிப் பேர் அப்படித்தான் கொண்டுவராங்க."

குட்டி என் செருப்பைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "பார்க்கலாம்," என்று சொல்லிவிட்டேன்.

எதற்குச் சொன்னேன்? எனக்குப் பூனைதானே பிடிக்கும்.

ஜூன் 2, ஞாயிறு

போஹுஷ் மதுக்கடைக் கூட்டாளிகளை ஓநாய் பார்க்க அழைத்து வந்தான். மேசையில் பிளம் சாராயம், புகையிட்ட தொத்திறைச்சி, எல்லாம் தயார். ஓநாயைத்தான் காணோம்.

துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பிதுங்கிக்கொண்டு கிடந்தது. நான் கூப்பிட்டதும் வந்து என் பாவாடைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தது.

"ஏன்டா, ஓநாய் எங்க?" என்றான் ஒருத்தன்.

"பதுங்குது," என்றான் போஹுஷ். "வேட்டைக் குணம். பாயறதுக்கு முன்னாடி அப்படித்தான்."

அது பாயவும் செய்தது. எல்லோரும் முற்றத்துக்குப் போன சமயம் பார்த்துத் தொத்திறைச்சி மேல்.

ஜூலை 11

ஹ்ரோம் பயப்படுபவை, இன்று வரை: குடை. தபால்காரி. காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பை. போஹுஷின் புதுத் தொப்பி. போஹுஷ்.

செப்டம்பர் 23

கதவுப்பிடியை இறக்கித் திறக்கக் கற்றுக்கொண்டது. போஹுஷ் பிடியை நெட்டுக்குத்தாகத் திருப்பி மாட்டினான். பெரிய பொறியாளர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டு, "இப்ப திற பார்க்கலாம்," என்றான். ஹ்ரோம் உட்கார்ந்து அவனையும் பிடியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு பல்லால் பிடித்து உயர்த்தித் திறந்தது.

வேட்டைப் பரீட்சைக்கு இவனுக்குப் பதில் அதை அனுப்பலாம்.

நான் வேலைக்குக் கிளம்பினால் ஊளையிடுகிறது. நாய் குரைப்பது போல இல்லை. வயிற்றிலிருந்து எழுந்து நீளமாகப் போகும் ஊளை. தெருவில் எல்லா நாயும் வாயை மூடிக்கொள்கின்றன. பக்கத்து வீட்டார் முகத்தைத் திருப்புகிறார்கள். இப்போது காரில் என்னோடு கூட்டிப் போகிறேன், மருந்துக்கடையின் பின்கட்டில் கிடக்கிறது. முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. இருமல் மருந்து வாங்க வருபவர்கள் இரண்டடி தள்ளி நின்று இருமுகிறார்கள்.

நவம்பர் 9

என் கோழிகள் எல்லாம் போச்சு.

வேலியில் ஒரு பலகை தளர்ந்திருந்தது. நான் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. தின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒன்றையும் தின்னவில்லை. ஓடியதை எல்லாம் பிடித்தது, அவ்வளவுதான். அந்தப் பழுப்புக் கோழி என் கையிலிருந்து தானியம் கொத்தும்... தபால்காரிக்கு ஒளிகிற பிராணியா இது? நான் கத்தியதும் வந்து, வாலாட்டி, செத்த கோழி ஒன்றை என் காலடியில் வைத்தது. எனக்குப் பரிசு!

போஹுஷ் வந்து பார்த்தான். கண்ணெல்லாம் மின்னுகிறது. "பார்த்தியா ஜெல்மீரா? ரத்தம்! ரத்தம்!"

"பார்த்தேன். வாளியும் துடைப்பமும் அங்க இருக்கு. கழுவு."

பிப்ரவரி 16

இணையத்தில் ஏதோ ஒரு தாடிக்காரன் பேச்சைக் கேட்டுவிட்டு போஹுஷ் இப்போது ஓநாய்க் கூட்டத்தலைவன். முதலில் அவன் சாப்பிட வேண்டும், முதலில் அவன் கதவைத் தாண்ட வேண்டும். சூப்பை வாயில் வைத்துக்கொண்டு ஹ்ரோமை முறைக்கிறான். அது ஜன்னலைப் பார்க்கிறது.

இன்று உறுமியதாம். பிடித்து மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அழுத்தியிருக்கிறான். அது பல்லைக் காட்டவில்லை, கடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, மாடிக்குப் போய், எங்கள் கட்டிலில் ஏறி, அவன் தலையணையில் மூத்திரம் பெய்தது. என் தலையணையில் ஒரு சொட்டு இல்லை.

ஒட்டிலியா அம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இருமினாள். பிறகு சொன்னாள்: "கடிச்சிருந்தா அவர் மேல இன்னும் மரியாதை இருக்குன்னு அர்த்தம். இனிமே பக்கத்துல வராது, பாருங்க."

வரவில்லை. அவன் உள்ளே வந்தால் அது வெளியே போகிறது.

மே 19, திங்கள்

சாயங்காலம் பயங்கர மழை. இடி மலையில் மோதித் திரும்பித் திரும்பி வந்தது. முதல் இடிக்கே இடி என்று பேர் வைத்த பிராணி குளியலறைக்குள் ஓடித் தொட்டிக்குள் குதித்தது. பல் கிடுகிடுவென்று அடிக்கிறது. நானும் உடுத்த துணியோடு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன். இவ்வளவு பெரிய உடம்பு, என் கக்கத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு.

போஹுஷ் கதவைத் தட்டினான். "எவ்வளவு நேரம்? எனக்கு அவசரம்."

அவன் குரல் கேட்டதும் இது தொட்டிக்கு வெளியே தாவப் பார்த்தது. "உள்ள வராத! வந்தா கண்ணாடிய உடைச்சிடும்!"

"நான் எங்க போறது?"

"தோட்டத்துல போ."

போனான். கொட்டும் மழையில் பிளம் மரத்தடியில் நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட்டத்தலைவன்.

நன்றாக இருட்டிய பிறகுதான் மழை விட்டது. தொட்டியிலேயே என் கால் மரத்துப் போயிற்று.

மே 20

மேல் மேய்ச்சலில் காஷ்பர் மாமாவின் ஆடுகளை எதுவோ கடித்துப் போட்டிருக்கிறது. நேற்று சாயங்காலம், அந்த மழையில். மந்தை சிதறியதில் பட்டிக்குள் அடைக்க முடியவில்லையாம். சினை ஆடுகளும் போயிருக்கின்றன. கடையில் இதே பேச்சு. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

மே 23

யாரோ சாம்பல் நிறத்தில் ஒன்றைப் பார்த்தார்களாம். கழுத்தில் பட்டை இருந்ததா? பார்த்த மாதிரியும் இருந்ததாம், பார்க்காத மாதிரியும் இருந்ததாம். முதலில் "ஓநாய்" என்றார்கள். இன்று "போஹுஷின் ஓநாய்."

நான் என்ன நினைத்தேன்? போஹுஷ் மதுக்கடையில் இரண்டு வார்த்தை சொல்லுவான், முடிந்துவிடும் என்று. அன்று அது எங்கே இருந்தது என்று அவனைவிட யாருக்குத் தெரியும்?

மே 25, ஞாயிறு

சொல்லவில்லை! பாவி சொல்லவே இல்லை!

காஷ்பர் மாமா பூசை முடிந்து தேவாலய வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். எழுபது வயது, முகமெல்லாம் வெயில், என்னை இன்னும் ஜெல்கா என்று செல்லமாகக் கூப்பிடுபவர். கோபத்தில் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டிருந்தார்.

"ஜெல்கா, உன்ன சின்னப் பிள்ளையிலேர்ந்து தெரியும் எனக்கு. உன் புருஷன நேராவே கேட்டேன், உன் நாய்தானான்னு. என்ன சொன்னான் தெரியுமா? கிளாஸச் சுத்திக்கிட்டே, 'ஹ்ரோம் மனசு வச்சா எதுவும் நடக்கும் மாமா'ங்கறான். சிரிக்கறான்! செத்தது என் ஆடு, இவன் சிரிக்கறான்!"

எனக்குக் காது சுட்டது. வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"நான் ஆமான்னு சொல்லலையே," என்றான்.

"இல்லன்னு சொன்னியா?"

பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே இருந்தான். "உனக்குப் புரியாது. நேத்து வேட்டைச் சங்கத் தலைவரே எனக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்தார். உட்கார இடம் விட்டாங்க, ஜெல்மீரா. இதுவரைக்கும் எனக்கு யாராவது இடம் விட்டிருக்காங்களா?"

"அத சுடப் போறாங்கடா!"

"சும்மா மிரட்டறாங்க. ரெண்டு வாரத்துல மறந்துடுவாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் நாய் கோழை என்று தெரிவதைவிட அது கொலைகாரன் என்று சாவது இவனுக்குத் தேவலை.

மே 27

ஊர்த்தலைவி கொர்னேலியா ஆள் அனுப்பினாள். வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கூட்டம். நாயை ஊசி போட்டு முடித்துவிடலாமா என்று முடிவெடுப்பார்களாம்.

அது என் காலடியில் எலும்பு கடிக்கிறது. எழுத வரவில்லை.

மே 30, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. வேட்டைக்காரர்கள் பச்சைச் சட்டையில் ஒரு வரிசை. அவர்களுக்கு நடுவில் போஹுஷ். அவனுக்கு நடுவில் இடம்! நான் பின்னால் நின்றேன்.

கொர்னேலியா கேட்டாள். "போஹுஷ், பத்தொன்பதாம் தேதி சாயங்காலம் உங்க நாய் எங்க இருந்தது?"

"வீட்டுப் பக்கம்தான்," என்றான். "கட்டி வைக்கறதில்ல. அந்த ஜாதியக் கட்டி வைக்க முடியாது."

பச்சைச் சட்டைகள் தலையாட்டின. எனக்குக் கால் தானாக நடந்தது.

"குளியல் தொட்டியில இருந்தது," என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். "எங்க வீட்டுக் குளியல் தொட்டியில. என் மடியில. இடிக்கு நடுங்கிக்கிட்டு. அது குடைக்குப் பயப்படும், தபால்காரிக்குப் பயப்படும். கடைப் பைக்குப் பயப்படும்."

தபால்காரி, "ஐயோ, நிஜம்தாங்க, என்னக் கண்டா ஓடிடும்," என்றாள். சிரிப்பு ஆரம்பித்தது.

காஷ்பர் மாமா சிரிக்கவில்லை. எழுந்தார். "ஜெல்கா, உன் கோழிய எல்லாம் கொன்னது எது? கோழியக் கொல்லும், ஆட்டக் கொல்லாதா?"

"கொல்லும் மாமா," என்றேன். "வேலியத் தாண்டிட்டா, ஓடறதக் கண்டா, கொல்லும். அது நல்ல பிள்ளைன்னு சொல்ல நான் வரல. அன்னைக்குக் கொல்லலன்னு சொல்ல வந்தேன்."

"வீட்டுக்காரி நாய விட்டுக்கொடுப்பாளா?" என்றான் ஒரு பச்சைச் சட்டை. "வேற சாட்சி இருக்கா?"

"இருக்கு. உங்க பக்கத்துல உட்கார்ந்திருக்கு."

எல்லோரும் போஹுஷைப் பார்த்தார்கள். நான் திட்டமிட்டு வரவில்லை, வாயில் வந்தது.

"போஹுஷ், அன்னைக்கு மழையில நீ எங்க மூத்திரம் போன?"

அவன் முகம் பீட்ரூட் மாதிரி ஆயிற்று. என்னைப் பார்த்தான். பக்கத்தில் வேட்டைச் சங்கத் தலைவரைப் பார்த்தான். ஒரு நிமிடம் நான் நிஜமாகவே நம்பினேன், இவன் "வீட்டுலதான்" என்று சொல்லப் போகிறான், நாளைக்கு என் நாய் இருக்காது, நானும் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று.

"தோட்டத்துல," என்றான்.

"சத்தமா," என்றாள் கொர்னேலியா. கேட்கவில்லை அவளுக்கு, நிஜமாகவே.

"தோட்டத்துல! பிளம் மரத்தடியில! குளியலறையில அது ஒளிஞ்சிருந்தது. என்னக் கண்டா இன்னும் பயப்படும்னு என் பொண்டாட்டி உள்ள விடல. மழை விடற வரைக்கும் அது வெளிய வரல. போதுமா?"

அப்படி ஒரு சிரிப்பை இந்த ஊர் கேட்டதில்லை. நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காஷ்பர் மாமா மட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "அப்ப ஓநாய்தான். பட்டிக்கு மின்வேலி போடணும்," என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

போஹுஷ் எல்லோரும் போகும் வரை உட்கார்ந்தே இருந்தான். பக்கத்து நாற்காலிகள் காலி.

காரில் வீடு திரும்பினோம். அவன்மேல் எனக்கு இருந்த கோபம் எங்கே போயிற்று? தேடிப் பார்த்தேன், முழுசாகக் கிடைக்கவில்லை.

மே 31

அவனுக்கு ஊரில் புதுப் பேர்: பிளம்.

ஜூன் 14

மதுக்கடைக்குப் போவதில்லை. தொப்பி ஆணியில் தொங்குகிறது. சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான், வருகிறான். நேற்று "உப்பு" என்றான். அதுதான் இந்த வாரத்துப் பேச்சு.

காஷ்பர் மாமாவின் ஆட்டை மறுபடி ஒன்று வந்து கடித்திருக்கிறது. பட்டப்பகலில், மாமா கண்ணெதிரே. ஹ்ரோம் அந்த நேரம் என்னோடு மருந்துக்கடையில். மாமா செம்மறிப் பாலாடைக்கட்டி ஒரு பெரிய உருண்டை கொண்டுவந்தார், வாசலிலேயே நின்று, "உன் வீட்டு ஆள் மேல தப்பா நினைச்சுட்டேன்," என்றார். எந்த ஆள் என்று நான் கேட்கவில்லை. உருண்டையை மேசைமேல் ஒரு தட்டில் வைத்துவிட்டு அவரை வழியனுப்பித் திரும்பினேன். தட்டு மட்டும் இருந்தது, பக்கத்தில் வாயை நக்கிக்கொண்டு ஹ்ரோம்.

ஜூலை 20

போஹுஷ் வேலி போடுகிறான். விடுமுறை எடுத்து. ஆள் உயரத்துக்கு மேல், உச்சியில் உள்பக்கம் வளைத்து, அடியில் தோண்ட முடியாதபடி கல் பதித்து. ஒட்டிலியா அம்மாவுக்கு அவனே கூப்பிட்டு அளவு கேட்டிருக்கிறான். "உங்க வீட்டுக்காரர் கேள்வி கேக்கறாரும்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டாள்.

ஹ்ரோம் தூரத்தில் படுத்துச் சுத்தியல் சத்தத்தைக் கேட்கிறது. ஓடவில்லை.

ஆகஸ்ட் 17

வேலி முடிந்தது. போஹுஷ் களைத்துப் போய்ப் புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். கூப்பிடவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, யாருக்கும் தலைவனாக இருக்கவில்லை. ஹ்ரோம் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு கை தூரத்தில் அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தது. அவன் அசையவே இல்லை. எறும்பு கடித்ததாம், பிறகு காட்டினான், கால் முழுக்கத் தடிப்பு.

கொஞ்சம் பெருமையாகத்தான் காட்டினான். மனுஷன் ஒரேயடியாக மாறிவிடுவானா?

அக்டோபர் 8

பூட்ஸில் ஒன்றைத் தின்றுவிட்டது. இன்னொன்றைப் புதைத்துவிட்டது. "அவனுக்கு என் வாசனை பிடிச்சிருக்கு," என்கிறான். இருக்கலாம். அல்லது தோல் நல்ல தோலாக இருந்திருக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு

பனி. மூவருமாக மலைப்பாதையில் போய்த் திரும்பினோம். கயிறு போஹுஷ் கையில்.

வேலியருகே ஒரு கார் நின்றது. தலைநகரத்து எண். ஒரு இளைஞன் இறங்கினான், புத்தம்புது மலையேறும் உடுப்பு, மடிப்புக்கூடக் கலையவில்லை. ஹ்ரோம் அவனைக் கண்டதும் போஹுஷின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. என் காலுக்குப் பின்னால் இல்லை. கவனித்தேன்.

"அட, ஓநாயா சார்?"

"கலப்பு."

"எனக்கும் ஒண்ணு வாங்கணும்னு ரொம்ப நாளா ஆசை. வீட்டுக்குக் காவலா இருக்கும், தெருவுல கூட்டிட்டுப் போனா ஒரு கெத்தாவும் இருக்கும். சண்டை போடுமா? ரொம்ப முரடா?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். போஹுஷுக்குக் கேட்ட கேள்வியே வெல்லக் கட்டி. ஊர்க்காரன் ஒருத்தன் இல்லை, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யார் மறுக்கப் போகிறார்கள்? நான் மறுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

போஹுஷ் பனியைக் காலால் தள்ளிக்கொண்டு கொஞ்சம் யோசித்தான்.

"ரொம்பப் பயந்த சுபாவம் தம்பி," என்றான். "நீங்க கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்க."